செட்டிநாட்டுக் கோடையில் கடல்நீர் மீன்தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி

காரைக்குடியிலிருந்து தென்கிழக்கே தொண்டிக் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்தக் கடலிலிருந்து கிளம்பும் காற்று தேவகோட்டையைத் தாண்டி நம் ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். பங்குனியில் தொடங்கி, அக்கினி நட்சத்திரம் கழிந்த பிறகும் ஆடி வரையில், பகலில் இங்கே வீசுவது நிலத்தின்மேல் காய்ந்து வரும் அனல்காற்றுதான். இப்படிப்பட்ட ஊரில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துக் கோடையைக் கடக்க நினைப்பவர்கள் முதலில் நீரைக் குளிரவைக்கும் கருவியான சில்லர் என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைச் செய்துவிட்டால், நம் பகுதியில் நடுத்தர அளவுள்ள மீன்தொட்டிகள் பலவற்றுக்குச் சில்லரே தேவைப்படாது என்பது என் கருத்து. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் கேட்டால் இதை நான் சொல்லமாட்டேன். நம்மைச் சுடுவது உலர்ந்த வெப்பம். நீர் ஆவியாகித் தன் சூட்டை இழப்பதற்கு உலர்ந்த காற்றே ஏற்றது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஒரு வசதியை முறையாகப் பயன்படுத்திக்கொள்வதைப் பற்றியதாகவே இருக்கும்.

கணக்குகளுக்கு வசதியாக, பம்பையும் வடிகட்டும் கருவிகளையும் வைப்பதற்காகக் கீழே மேசைக்குள் இருக்கும் சம்ப் தொட்டியையும் சேர்த்து மொத்தம் 200 லிட்டர் கடல்நீர் உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது பெரிதானால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள். சிறிதானால் இன்னும் கூடுதலாகக் கவலைப்படுங்கள், ஏனென்றால் குறைந்த நீர் விரைவில் சூடாகும்.

எந்த அளவு போதும்

கடல்நீர் மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வசதியான வெப்பநிலை. 28 டிகிரியைப் பெரும்பாலானவை பொறுத்துக்கொள்ளும். 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் மீன்களும் பவளங்களும் தளரத் தொடங்கும். எண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது நிலையாக இருப்பதும். காலையில் 25, மாலையில் 30 என்று தினமும் ஏறியிறங்கும் தொட்டியைவிட இரவும் பகலும் 28-இல் நிற்கும் தொட்டி நல்லது. ஒரு நாளின் ஏற்றத்தாழ்வை ஒன்று அல்லது ஒன்றரை டிகிரிக்குள் அடக்கிவிட்டால் போதுமானது.

சூடு ஏன் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல செயல்களின் வரிசை தானாகப் புரியும். இயல்பான உப்புத்தன்மையுள்ள கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க இடமுண்டு. 30 டிகிரியில் அது ஏறத்தாழ 6.2 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே 30 டிகிரியில் நன்னீர் 7.5 மில்லிகிராம் வரை தாங்கும் என்பதை ஒப்பிட்டால், தங்கமீன் வளர்த்த அனுபவம் இங்கே ஏன் கைகொடுப்பதில்லை என்பது விளங்கும். நீரில் ஆக்சிஜன் குறையும் அதே வேளையில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பாறைகளிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்களும் தங்கள் பங்கைக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. போதாததற்கு, நீரின் சூடு ஏறினால் கரைந்திருக்கும் அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த பகுதியின் விகிதமும் உயர்கிறது. ஆகவே கோடையில் இறந்துபோகும் மீன்களில் பல, சூட்டினால் வெந்து சாவதில்லை, மூச்சுத்திணறிச் சாகின்றன.

'பாக் நீரிணையின் தண்ணீரே சித்திரை மாதத்தில் 30 டிகிரிக்குச் சூடாகத்தானே இருக்கிறது, அங்கே மீன் வாழவில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. வாழ்கின்றன, ஆனால் அங்கே அலையும் நீரோட்டமும் ஓயாமல் காற்றைக் கலக்கின்றன, மீனுக்கு ஆழத்துக்கு நகர்ந்துபோக இடமிருக்கிறது, கழிவை அடித்துச்செல்ல ஒரு கடலே இருக்கிறது. அப்படியிருந்தும் 2010-லும் 2016-லும் கோடையில் கடல் வழக்கத்தைவிடச் சூடானபோது பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போயின. கடலுக்கே தாங்காத சூட்டை நான்கு கண்ணாடிகளுக்குள் அடைபட்ட உயிர் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இங்கே பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் இடம்பெற்றுள்ளன, கடற்குதிரைகளும் அப்படியே. இராமேசுவரம் பக்கம் போனபோது கடற்கரையில் கிடந்தது என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து தொட்டியில் வைப்பது குற்றம். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோமாளி மீன்களையும் உறுதியான சில டாம்செல் மீன் வகைகளையும் மட்டும் கொண்ட எளிய மீன்தொட்டிதான் செட்டிநாட்டுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். கோமாளி மீன் இனப்பெருக்கத்தை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறது. இத்தகைய தொட்டிக்கு 28 டிகிரியே போதுமான இலக்கு, அதனால் செலவும் பாதியாகிறது.

அளவிடுவதற்குக் கண்ணாடியில் ஒட்டும் பட்டை வெப்பமானியை நம்பவேண்டாம். அது கண்ணாடியின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். நீருக்குள் முனையை இறக்கி வைக்கும், அன்றைய உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும், அதைச் சரிபார்க்கச் சாதாரணக் கண்ணாடி வெப்பமானி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கோடை தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் எழுதி வைத்தால், உங்கள் தொட்டி அறையைப் பின்பற்றுகிறதா, அல்லது அறையைவிடச் சூடாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சூடு வரும் வழி

அறையைவிடச் சூடாக இருந்தால் குற்றவாளி தொட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் குடிக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் நீரின் சூடாகவே மாறுகிறது. நீரேற்றும் பம்ப், நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் மூன்றும் சேர்ந்து 60 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் அவை கொட்டும் வெப்பம் வெளியேற வழியே இல்லாத நிலையில் 200 லிட்டர் கடல்நீரை 6 டிகிரிக்குமேல் சூடாக்கப் போதுமானது. ஆகவே பழைய பம்பை மாற்றிக் குறைந்த வாட் டிசி பம்ப் போடுவதும், தேவைக்கு மேல் ஓடும் இரண்டாவது பம்பை நிறுத்துவதும் குளிரூட்டும் கருவி வாங்குவதற்குச் சமம். ஆனால் நீரோட்டத்தையே குறைத்துவிடக் கூடாது. மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்கவேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு இன்னும் இருந்தால் அதைக் கழற்றி எல்இடி போடுங்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எரியும் நேரத்தை மாற்றுவது செலவில்லாத வேலை. மொட்டைமாடி கான்கிரீட் வீடுகளில் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அதைக் கீழே இறக்கும். அங்கே விளக்கை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி முற்பகலில் அணைத்துவிடலாம். தடித்த சுவரும் நாட்டு ஓடும் உள்ள பழைய வீடுகளில் இரவு நேரம் விரைவாகக் குளிர்வதால், மாலை 7 மணிக்குமேல் எரியவிடலாம், வீட்டிலுள்ளவர்களும் உட்கார்ந்து பார்க்கமுடியும்.

வீட்டில் எந்த இடம்

நம் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டினார்கள். முகப்பிலிருந்து முதற்கட்டான வளவு, இரண்டாங்கட்டு வழியாகப் பின்வாசல் வரை நேர்கோட்டில் கதவுகள், நடுவே வானம் பார்த்த முற்றம், உயர்ந்த கூரை, சுண்ணாம்பு பூசிய கனத்த சுவர் என்ற அந்த அமைப்பில் சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே ஏறிப் போக, தரையோரமாகப் புதுக்காற்று உள்ளே வருகிறது. மீன்தொட்டிக்கும் இதேதான் வேண்டும். ஆகவே முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தியில், நேர் வெயில் எந்த மாதத்திலும் எந்த நேரத்திலும் படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு மேற்காக நீளும் வீட்டில் வளவின் தெற்குப் பத்தி பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் அதன் முகம் வடக்கு நோக்கியது; இருந்தாலும் சித்திரை, வைகாசியில் உச்சி வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டே தொட்டியை வையுங்கள்.

இப்போது பல வீடுகளில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின்மேல் ஒளி ஊடுருவும் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். அப்படி மூடிய முற்றம் கோடைப் பகலில் அப்பளம் காயவைக்கும் இடம். மீன்தொட்டி வைக்கும் இடமன்று. கம்பி வலை மட்டும் போட்டுத் திறந்து வைத்திருக்கும் முற்றமே பயன்படும்.

எந்த வீடானாலும் மேற்குச் சுவரோரம் வேண்டாம். சுவருக்கும் தொட்டிக்கும் இடையில் நான்கு விரல்கடையாவது இடைவெளி விட்டு, தொட்டியின் பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் ஓர் அங்குலத் தெர்மோகோல் அட்டையைப் பொருத்துங்கள். அறை 35 டிகிரியிலும் நீர் 27 டிகிரியிலும் இருக்கும்போது கண்ணாடி வழியாக உள்ளே நுழையும் சூட்டை இது கணிசமாகத் தடுக்கும். மாடியில் மரத்தளத்தின்மேல் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 200 லிட்டர் நீர், கண்ணாடி, பாறை, மணல், மேசை எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தொடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால், மேசைக்கடியில் விளிம்புள்ள தட்டு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அந்தக் கல் சிமெண்டில் செய்தது, உப்புநீரை உறிஞ்சிக்கொண்டால் வெண்மையாகப் பூத்து நிறம் மங்கிவிடும். சுண்ணாம்புச் சுவரில் உப்பு ஏறினால் பூச்சு பொரிந்து உதிரும். நூறாண்டு நின்ற சுவரை நாலு மீனுக்காகக் கெடுத்தோம் என்ற பேச்சு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வராமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதிதான்.

மின்விசிறியும் ஆவியாதலும்

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. நம் 200 லிட்டர் தொட்டியை அது ஏறத்தாழ 3 டிகிரி குளிர்விக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பனிக்கட்டி உருகி அதே நீரின் சூட்டை எட்டும்வரை எடுத்துக்கொள்ளும் வெப்பம் 450 கிலோஜூல்தான், அதனால் கிடைப்பது அரை டிகிரிக்குச் சற்று அதிகம். உறைபெட்டியில் பாட்டில்களை அடுக்கி மாளாமல் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டு சிறிய மின்விசிறிகளை உடனே வாங்கிவிடுவார்கள்.

எவ்வளவு தூரம் குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதமே தீர்மானிக்கிறது. அதை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. கண்ணாடி வெப்பமானியின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, மின்விசிறிக்கு எதிரே ஐந்து நிமிடம் பிடியுங்கள். அது எந்த எண்ணில் இறங்கி நிற்கிறதோ அதுதான் அன்றைய தினம் ஆவியாதல் தரக்கூடிய கடைசி எல்லை. தொட்டி அதைவிட இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். 39 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 25 டிகிரி. அதே வெயிலில் ஈரப்பதம் 50 விழுக்காடானால் எல்லை 30 டிகிரிக்கு ஏறிவிடும், விசிறியை எவ்வளவு சுழற்றினாலும் பயனிராது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் இந்த யோசனையைச் சொல்லாததற்கு இதுவே காரணம். நமக்கும் கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் புழுக்கத்தில் விசிறி தோற்றுப்போகும். அந்த ஒன்றிரண்டு நாட்களுக்குத்தான் பனிக்கட்டிப் பாட்டில்.

தொட்டியின் மேலுள்ள கண்ணாடி மூடியை முதலில் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஆவி வெளியேற வழியில்லை. மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க, கொசுவலை அடிக்கும் சட்டத்தில் சற்றுப் பெரிய கண் உள்ள நைலான் வலையைக் கட்டி மூடியாக வைக்கலாம். கணினிக்குள் பொருத்தும் 12 வோல்ட் விசிறிகள் இரண்டை, நீரின் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிப்போகும்படி ஒரே பக்கத்திலிருந்து வீசுமாறு பொருத்துங்கள். எதிரெதிராக வைத்தால் ஈரக்காற்று நடுவிலேயே தங்கிவிடும். சம்ப் மூடிய மேசைக்குள் இருந்தால் அங்கும் ஒரு விசிறி வேண்டும், மேசையின் பின்பலகையை அறவே எடுத்துவிட வேண்டும். விசிறி தள்ளும் ஈரக்காற்று அறையைவிட்டுப் போகவேண்டும் என்பதையும் மறவாதீர்கள். ஜன்னல் சாத்திய அறையில் தொட்டி தன் ஆவியாலேயே காற்றை நனைத்துக்கொண்டு சில மணி நேரத்தில் குளிர்வதை நிறுத்திவிடும். முற்றம் உள்ள வீட்டுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இங்கேதான்.

வெட்டிவேர்த் தட்டியும் ஏர்கூலரும் மனிதர்களுக்கு இதமானவை. ஆனால் அவையும் நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கின்றன. அந்த ஈரத்தைத் தொட்டி இருக்கும் அறைக்குள் கொண்டுவந்தால் காற்றின் சூடு குறையும், கூடவே தொட்டியின் ஆவியாதலும் குறையும். முடிவில் லாபம் சொற்பமே. ஏர்கூலரை நீங்கள் உறங்கும் அறையில் வைத்துக்கொண்டு, காய்ந்த காற்றைத் தொட்டிக்கு விட்டுவிடுங்கள்.

விசிறியை நாள் முழுவதும் ஓடவிட்டால் விடியற்காலையில் தேவைக்கு மேல் குளிர்ந்துபோகும். எஸ்டிசி-1000 போன்ற வெப்பநிலைக் கட்டுப்படுத்தியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, 27 டிகிரியைத் தாண்டினால் ஓடவும் 26.5-க்குக் கீழே இறங்கினால் நிற்கவும் அமைத்துவிட்டால் அந்தக் கவலை தீரும். கம்பியிணைப்பைத் தெரிந்த மின்பணியாளரிடம் விடுங்கள். தொட்டிக்குச் செல்லும் மின்வழியில் கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கவேண்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக்கை அடையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவேண்டும், அப்போதுதான் கம்பி வழியே இறங்கும் உப்புநீர் பிளக்கினுள் போகாமல் அந்த வளைவிலிருந்து சொட்டும்.

ஆவியான நீரை ஈடுசெய்தல்

விசிறி வைத்த தொட்டி கோடையில் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர் இழப்பது வியப்பில்லை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஈடாக ஊற்றவேண்டியது உப்புச் சேர்க்காத நன்னீர். இது தெரிந்த செய்திதானே என்று தோன்றும். ஆனால் நாங்கள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்த வாரத்தில், தண்ணீர் குறைந்தால் ஊற்றும்படி நான் சொல்லிவிட்டுப் போன என் உறவினர் ஒருவர், கடல்நீர்த் தொட்டிக்குக் கடல்நீர்தானே ஊற்றவேண்டும் என்று கலக்கிவைத்திருந்த உப்புநீரையே ஊற்றி வந்தார். திரும்பி வந்து அளந்தபோது கைநடுங்கியது. ஊற்றாமலே விட்டாலும் ஆபத்துதான்: நாளுக்கு 4 லிட்டர் வீதம் ஒரு வாரம் குறைந்தால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்புத்தன்மை 40-ஐத் தாண்டிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாக ஊற்றவேண்டாம். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் காட்டும் நீரை நாள்தோறும் 4 லிட்டர் ஊற்றினால், ஒரு மாதத்தில் 140 கிராமுக்குமேல் வேண்டாத உப்புகளைத் தொட்டிக்குள் கொட்டியிருப்பீர்கள். பாசி மண்டுவதற்கு அது பெரிய காரணம். குடிநீருக்காக வீட்டில் இருக்கும் ஆர்ஓ கருவியில், சுவைக்காகத் தாதுக்கள் சேர்க்கும் பகுதிக்கு முன்பாகவே பிரித்தெடுத்த நீர் பொருத்தமானது. அதை மூடியுள்ள உணவுத்தர டிரம்மில் நிரப்பி நிழலில் வையுங்கள். மாடியிலுள்ள தொட்டியிலிருந்து நடுப்பகலில் குழாய்வழி வரும் நீர் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதிலிருந்து பிடித்த நீரைக் குறைந்தது ஓரிரவு ஆறவிட்ட பிறகே பயன்படுத்தவேண்டும்.

தொட்டிச் சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக் காலையும் மாலையும் அந்தக் கோடுவரை சிறிது சிறிதாக ஊற்றலாம். மிதவை வால்வோடு கூடிய தானியங்கி அமைப்பு இன்னும் நல்லது, ஆனால் வால்வு மாட்டிக்கொண்டால் டிரம் முழுவதும் இறங்கிவிடும் என்பதால் டிரம்மின் கொள்ளளவு 15 லிட்டருக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு இருமுறை உப்புத்தன்மையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

சில்லர், ஏசி

பவளம் வைத்திருப்பவர்களுக்கும், 400 லிட்டருக்குமேல் உள்ள அமைப்புகளுக்கும், காற்றோட்டமே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் விசிறி போதாது. சில்லர் என்பது குளிர்பதனப்பெட்டியைப் போன்றது. நீரிலிருந்து எடுக்கும் சூட்டோடு தன் மோட்டாரின் சூட்டையும் சேர்த்து அறைக்குள் விடுகிறது. அதை மேசைக்குள் அடைத்துவைத்தால் தன் மூச்சையே தான் குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும். பத்தியைத் தாண்டி வெளியே, அல்லது ஜன்னல் பக்கம் வைத்துக் குழாயை நீட்டுங்கள். குழாய்மேல் நுரைப்பஞ்சு உறை போடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு மிதமான அறைவெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவதால், நம் ஊருக்கு அடுத்த பெரிய அளவையே வாங்கவேண்டும்.

பழைய ஃபிரிட்ஜைப் பிரித்து அதன் செப்புச் சுருளைத் தொட்டிக்குள் இறக்கிக் குறைந்த செலவில் சில்லர் செய்து தருகிறேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நன்னீரில் அது ஓடும். கடல்நீர் செம்பை அரிக்கும், கரைந்த செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறால், நத்தை, அனிமோன், பவளம் ஆகியவற்றைக் கொல்லும். சில்லருக்குள் கடல்நீர் படும் சுருள் டைட்டானியமாகவே இருக்கவேண்டும். பித்தளை இணைப்புகளுக்கும் இதே தடை.

ஏசி போட்டு அறையையே குளிர்விப்பதென்றால் பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன் ஏசி தாராளம். பல தொட்டிகள் வைத்திருப்பவருக்கு அதுவே சிக்கனமும் கூட. முற்றத்தைப் பார்த்துத் திறந்த பத்தியில் அதற்கு வேலையில்லை.

மின்சாரம் நின்றால்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் பிற்பகலுக்குப் பிறகே திரும்புகிறது. நாளிதழில் முன்னறிவிப்பு வந்துவிடும், அதனால் அதற்குத் தயாராகலாம். முன்னறிவிப்பில்லாமல் இடிமின்னலோடு நிற்பதற்குத்தான் ஏற்பாடு தேவை.

என் முதல் கோடையில் நான் செய்த தவறு இது: வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை இணைத்துவிட்டு தேவகோட்டையில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். சில்லர் பேட்டரியை விரைவில் காலிசெய்துவிட, அதன்பின் பம்ப், வேவ் மேக்கர் எல்லாம் நின்றுபோயின. நான் திரும்பியபோது நீரின் சூடு 29 டிகிரிதான், மீன்கள் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் அசைவற்ற நீரில் இரண்டு மீன்கள் இறந்து மிதந்தன. கருவியின் மேல் குற்றமில்லை, எதைக் காப்பாற்றவேண்டும் என்று நான் வரிசைப்படுத்தியதில்தான் குற்றம். இன்வெர்ட்டரில் இணைக்கவேண்டியவை வேவ் மேக்கரும் ஏர் பம்பும் இரு சிறு விசிறிகளும் மட்டுமே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலும், 25 வாட் சுமையை ஒரு நாளுக்குமேல் அது இழுக்கும். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. சதுர அலை இன்வெர்ட்டரில் பம்புகள் இரைந்து சூடேறும். இதற்கும் மேலாக, மின்சாரம் நின்றதும் தானாக ஓடத்தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தொட்டியருகிலேயே தொங்கட்டும்.

மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதையோ, செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்வதையோ கண்டால், வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன்பே, ஏர் பம்பின் குழாய் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோனை இறக்குங்கள். கையில் எதுவும் இல்லையென்றால் ஒரு செம்பில் தொட்டி நீரையே மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கலாம். அந்தச் செம்பு எவர்சில்வராக இருக்கட்டும், பித்தளையில் வேண்டாம். மூச்சு சீரானபின் விசிறி, அதன்பின் பனிக்கட்டிப் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலில் ஆர்ஓ நீரை முக்கால் பாகம் நிரப்பி உறையவைத்து, வெளிப்புறத்தைக் கழுவிச் சம்ப்பில் மிதக்கவிடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் உப்புத்தன்மை குலையும். ஒரு நேரத்தில் இரண்டு பாட்டிலுக்கு மேல் வேண்டாம், மணிக்கு அரை டிகிரி வீதம் இறங்கினால் போதும். அவசரப்பட்டு 32-லிருந்து 26-க்கு ஒரே மூச்சில் இறக்குவது சூட்டைவிடப் பெரிய அடி. அன்றைக்கு இரை போடாதீர்கள். கோடை முழுவதுமே இரையைச் சற்றுக் குறைத்து, காலையில் மட்டும் கொடுப்பது நல்லது. தின்று செரிக்கும் மீனுக்கும் மிஞ்சி அழுகும் இரைக்கும் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகிறது.

ஆடிக்காற்று தொடங்கியதும் வெயில் சற்றுத் தணிந்தது போலிருக்கும், ஆனால் காற்றின் வேகத்தால் ஆவியாதல் சித்திரையைவிடவும் கூடலாம். டிரம்மின் நீர்மட்டத்தைக் கவனிப்பதை அப்போது விட்டுவிடாதீர்கள். ஐப்பசியில் மழை பிடித்துக் காற்று ஈரமானபின் விசிறிகளைக் கழற்றி, இறக்கைகளில் படிந்த உப்பை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள். உப்போடு அப்படியே வைத்த விசிறி அடுத்த பங்குனியில் சுழலாது.